கையில் சேமிப்பு உண்டு, வேலைக்குப் போக உடம்பு விடவில்லை: பிரித்தானியாவில் நோய்க்கால உதவித்தொகை கேட்பது எப்படி?

“பாங்கில் பதினாறாயிரத்துக்கு மேல் இருந்தால் ஒரு சதமும் தரமாட்டார்கள்.” ஈஸ்ட்ஹாம் கடைத்தெருவில் கேட்டாலும் ஹரோவில் கேட்டாலும் இதே பதில்தான் வரும். அந்தப் பதினாறாயிரம் பொய்யல்ல. ஆனால் அது குறைந்த வருமானக்காரருக்கான யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகைக்கு உரிய வரம்பு. நோயால் வேலை செய்ய முடியாதவர் இந்த நாட்டில் கேட்கக்கூடிய பணம் முக்கியமாக நான்கு வகை: முதலாளி தரும் சிக் பே, நியூ ஸ்டைல் இ.எஸ்.ஏ (சம்பளத்தில் கழியும் நேஷனல் இன்சூரன்ஸ் கட்டியவருக்கு), பிப் (நோயால் அன்றாடக் காரியங்கள் தடைப்படுபவருக்கு), யூனிவர்சல் கிரெடிட். இவற்றில் கடைசி ஒன்றுக்குத்தான் சேமிப்பைக் கணக்குப் பார்ப்பார்கள். மற்ற மூன்றிலும் உங்களிடம் இரண்டாயிரம் இருக்கிறதா, இரண்டு லட்சம் இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை.

இதைத் தெரியாமல் நம்மவர்கள் பலர் செய்வது என்ன? “கையில் இருப்பதைச் செலவழிப்போம், முடிந்தபிறகு கேட்போம்” என்று இரண்டு மூன்று வருடம் சேமிப்பில் ஓட்டுகிறார்கள். அதற்குள் நியூ ஸ்டைல் இ.எஸ்.ஏ கேட்கும் தகுதியே காலாவதியாகிவிடுகிறது. இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: சேமிப்பு தீரும்வரை காத்திருக்கக்கூடாது. உடம்பு முடியாமல் போன உடனேயே கேட்க வேண்டும்.

கீழே வரும் தொகைகள், வேறு ஆண்டு சொல்லியிருந்தால் தவிர, 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. ஏப்ரல் தோறும் மாறும். ஸ்கொட்லாந்தில் பிப்புக்குப் பதிலாக அடல்ட் டிசபிலிட்டி பேமென்ட் இருக்கிறது. வட அயர்லாந்தில் விதிகள் பெரும்பாலும் ஒன்றுதான், அலுவலகம் வேறு.

வேலையை விடுவதற்கு முன்

நோய் வந்ததும் “முதலாளிக்குக் கஷ்டம் கொடுக்கக்கூடாது” என்று விலகல் கடிதம் எழுதிக்கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து எழுதாதீர்கள். வேலையில் இருக்கும்வரை சிக் பே உங்கள் உரிமை. 28 வாரம் வரை முதலாளி தரவேண்டும். 2025-26இல் தொகை வாரத்துக்கு 118.75 பவுண்டாக இருந்தது. முன்பு முதல் மூன்று நாளுக்குக் கிடைக்காது, வாரம் 125 பவுண்டுக்குக் குறைவாகச் சம்பாதித்தவருக்கும் கிடைக்காது. 2026 ஏப்ரலில் இருந்து அந்த இரண்டு தடையும் இல்லை: முதல் நாளிலிருந்தே உண்டு, குறைந்த சம்பளக்காரருக்குச் சம்பளத்தின் 80 வீதம். கடையிலோ பெற்றோல் நிலையத்திலோ வாரத்தில் இரண்டு நாள் வேலை செய்பவர்களுக்கு இது பெரிய மாற்றம். முதலாளிக்கே தெரியாமல் இருக்கலாம், நீங்கள் சொல்லுங்கள். சில பெரிய நிறுவனங்கள் ஒப்பந்தப்படி இதைவிட அதிகமாகத் தரும். வேலை ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

முதல் 7 நாளுக்கு டொக்டர் நோட் தேவையில்லை, நீங்களே எழுதிக்கொடுத்தால் போதும். அதற்குப் பிறகு ஃபிட் நோட் என்ற மருத்துவச் சான்று வேண்டும். 2022 ஜூலையிலிருந்து ஜிபி (குடும்ப டொக்டர்) மட்டுமல்லாமல் நேர்ஸ், ஃபார்மசிஸ்ட், ஃபிசியோதெரபிஸ்ட், ஒக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆகியோரும் இதைக் கொடுக்கலாம். எனவே ஜிபியின் அப்போயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்பதற்காக நாட்களை விடவேண்டாம். நோட்டில் இரண்டு கட்டங்கள் இருக்கும்: “வேலைக்குத் தகுதியில்லை” என்று ஒன்று, “சில மாற்றங்கள் செய்தால் வேலை செய்யலாம்” என்று மற்றொன்று. எதில் கோடு போட்டிருக்கிறது என்று அந்த இடத்திலேயே பாருங்கள். ஒரு நோட் முடிந்து அடுத்த நோட் தொடங்கும் நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி விடாதீர்கள். பின்னால் பணம் நிற்பதற்குப் பல நேரங்களில் இந்தச் சின்ன இடைவெளிதான் காரணம்.

சிக் பே முடியும்போது, அல்லது உங்களுக்குத் தகுதியில்லை என்றால், முதலாளி எஸ்.எஸ்.பி.1 என்ற படிவத்தைத் தரவேண்டும். கேட்டு வாங்குங்கள். அடுத்த படிக்கு அது தேவை.

நியூ ஸ்டைல் இ.எஸ்.ஏ: நீங்கள் கட்டிய பணத்துக்குக் கிடைப்பது

நேஷனல் இன்சூரன்ஸ் கட்டியவருக்கு, அந்தக் கட்டணத்தின் பேரில் கிடைப்பது இது. இதற்கு உங்கள் சேமிப்பையும் பார்ப்பதில்லை, மனைவி அல்லது கணவரின் சம்பளத்தையும் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வேறொருவர் நன்றாகச் சம்பாதித்தாலும் உங்கள் பங்கு உங்களுக்குத்தான். “அரசாங்கக் காசு வாங்குவதா” என்று கூச்சப்படுபவர்கள் தங்கள் பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்து என்.ஐ என்ற வரியில் எத்தனை வருடம் எவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்று பார்த்தால் கூச்சம் போய்விடும்.

முதல் 13 வாரம் பரிசீலனைக் காலம். 25 வயதுக்கு மேற்பட்டவருக்கு வாரம் 92.05 பவுண்ட், 25க்குக் கீழ் 72.90. பிறகு இரண்டு பிரிவில் ஒன்றில் போடுவார்கள். இப்போது முடியாது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்குத் தயாராகலாம் என்பவர்கள் ஒரு பிரிவு. அவர்களுக்கு வாரம் 92.05, மொத்தம் 365 நாள் மட்டும். தயாராகவும் இயலாத நிலையில் இருப்பவர்கள் சப்போர்ட் குரூப். அவர்களுக்கு வாரம் 140.55. அதற்கு நாள் கணக்கு இல்லை. தகுதி இருக்கும்வரை, ஓய்வூதிய வயது வரைக்கும் வரலாம். பரிசீலனை 13 வாரத்தைத் தாண்டி இழுத்தடித்தாலும், கடைசியில் சப்போர்ட் குரூப் என்று முடிவானால் 14ஆம் வாரத்திலிருந்து வித்தியாசத்தைச் சேர்த்துத் தருவார்கள்.

இனி அந்தக் காலாவதி விஷயம். நீங்கள் கேட்கும் ஆண்டு ஜனவரியின் முதல் ஞாயிற்றுக்கிழமை தொடங்குவதாகக் கணக்கு. அதற்கு முன் முழுமையாக முடிந்த கடைசி இரண்டு வரி ஆண்டுகளைப் பார்ப்பார்கள். 2026இல் கேட்டால் 2023-24, 2024-25. நிபந்தனை இரண்டு. அந்த இரண்டு ஆண்டில் ஏதாவது ஒன்றில் குறைந்தது 26 வாரத்துக்குச் சமமான அளவுக்கு வேலை செய்து கட்டியிருக்க வேண்டும். அத்துடன் இரண்டு ஆண்டிலுமே 50 வாரத்துக்குச் சமமான அளவு கட்டியிருக்கவோ கிரெடிட் (கட்டாமலே கட்டியதாகப் பதிவு) பெற்றிருக்கவோ வேண்டும். 2023-24, 2024-25 இரண்டிலும் கணக்கில் சேரும் வாரச் சம்பளத்தின் குறைந்த வரம்பு 123 பவுண்ட். ஆக 50 வாரம் என்றால் 6,150 பவுண்ட் சம்பளம்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். பேக்கரியில் மாதம் 2,200 பவுண்டுக்கு வேலை. முதுகெலும்பு நோயால் 2024 செப்டம்பர் கடைசியோடு வேலை நின்றது. கையில் நாற்பதாயிரம் சேமிப்பு. 2026இல் கேட்டாலும் இவர் தப்பிவிடுவார்: 2023-24 முழுதாக வேலை செய்தார், 2024-25இல் அரை ஆண்டுதான் என்றாலும் சம்பளம் 6,150ஐத் தாண்டிவிட்டது. ஆனால் 2027 ஜனவரி 3ஆம் தேதிக்குப் பிறகு கேட்டால் 2024-25, 2025-26 இரண்டையும் பார்ப்பார்கள். 2025-26இல் அவர் பெயரில் ஒன்றும் இல்லை. கதை முடிந்தது. இருபது வருடம் கட்டியிருந்தாலும் அதே பதில்தான்.

பின்தேதியிட்டுத் தருவது அதிகபட்சம் மூன்று மாதம். தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் 92 பவுண்ட் கைவிட்டுப் போகிறது.

சொந்தத் தொழில் செய்பவர்கள், மினிகேப் ஓட்டுபவர்கள் கவனிக்க: நீங்கள் கட்டும் வகையான கிளாஸ் 2 நேஷனல் இன்சூரன்ஸும் இதற்குச் செல்லும். 2024 ஏப்ரலிலிருந்து ஒரு வரம்புக்கு மேல் இலாபம் காட்டினால் கட்டாமலே கட்டியதாக எடுத்துக்கொள்வார்கள். 2025-26க்கு அந்த வரம்பு ஆண்டுக்கு 6,845 பவுண்ட். அதற்குக் கீழ் என்றால் வாரம் 3.50 பவுண்ட் நீங்களாகவே கட்டலாம். கணக்காளர் “இலாபம் குறைவாகக் காட்டினால் வரி மிச்சம்” என்று சொல்லும்போது இதையும் யோசியுங்கள். விடுபட்ட வருடங்களை நிரப்ப விரும்பிக் கட்டும் கிளாஸ் 3 ஓய்வூதியத்துக்கு மட்டும் உதவும், இதற்கு உதவாது. கைக்காசுக்குச் செய்த வேலை எதற்கும் உதவாது. எத்தனை வருடம் கட்டியிருக்கிறீர்கள் என்பதை வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சியின் ஆப்பில் நீங்களே பார்க்கலாம். விண்ணப்பிக்க முன் பார்த்துவிடுவது நல்லது.

சேமிப்பு பாதிக்காது என்றேன். பாதிக்கும் ஒன்று இருக்கிறது: தனியார் அல்லது கொம்பனி ஓய்வூதியம். அது வாரம் 85 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகையில் பாதியைக் கழிப்பார்கள். இந்தப் பணத்துக்கு வருமான வரியும் உண்டு. சேமிப்பு வட்டியோ வாடகையோ வேறாக வருபவர்கள் அதையும் கணக்கில் வைக்கவும்.

விண்ணப்பிக்கும் முறை

அரசின் கவ்.யூகே தளத்தில் நியூ ஸ்டைல் இ.எஸ்.ஏ என்று தேடினால் இணையப் படிவம் வரும். இணையம் சரிவராதவர்கள் தொலைபேசியில் கேட்கலாம்; தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொன்னால் இலவசமாக இணைப்பார்கள். கையில் வைத்திருக்க வேண்டியவை: நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கம், வங்கிக் கணக்கு விவரம், டொக்டரின் பெயர், சர்ஜரி முகவரி, ஃபிட் நோட், எஸ்.எஸ்.பி.1, ஓய்வூதியம் ஏதும் வந்தால் அதன் விவரம். சிக் பே முடிவதற்கு மூன்று மாதம் முன்பாகவே விண்ணப்பம் போடலாம். முதல் 7 நாளுக்குப் பணம் கிடையாது.

யூனிவர்சல் கிரெடிட் படிவமும் இதுவும் வேறு வேறு. ஜொப் சென்டரில் “யூனிவர்சல் கிரெடிட் போடுங்கள்” என்று பொதுவாகச் சொல்லி அனுப்புவார்கள்; அதில் சேமிப்பைக் காட்டியதும் இல்லை என்று வரும்; நீங்களும் எல்லாமே மறுக்கப்பட்டது என்று எண்ணி விட்டுவிடுவீர்கள். கேட்கும்போது “நியூ ஸ்டைல்” என்ற பெயரை முழுதாகச் சொல்லுங்கள்.

யூனிவர்சல் கிரெடிட்டும் யாழ்ப்பாணத்துக் காணியும்

6,000 பவுண்ட் வரை சேமிப்பைக் கண்டுகொள்ள மாட்டார்கள். 16,000ஐத் தாண்டினால் கிடையாது. இடையில் இருந்தால் 6,000க்கு மேல் ஒவ்வொரு 250க்கும், அல்லது அதன் ஒரு பகுதிக்கும், மாதம் 4.35 பவுண்ட் கழியும். 12,000 வைத்திருப்பவருக்கு மாதம் 104.40 குறையும். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து இதே வரம்புதான், ஆளுக்கு 16,000 என்று இல்லை. துணைவரின் சம்பளமும் கணக்கில் வரும்.

எது சேமிப்பு, எது இல்லை என்பதில்தான் நம் வீடுகளில் குழப்பம். குடியிருக்கும் சொந்த வீடு கணக்கில் இல்லை. தாலிக்கொடி, காப்பு, சங்கிலி எல்லாம் சொந்த உடைமை, சேர்க்க மாட்டார்கள். ஆனால் பாங்கில் இருந்த காசைக் குறைத்துக் காட்டுவதற்கென்றே நகை வாங்கினால் விடமாட்டார்கள். இன்னும் எடுக்காத ஓய்வூதிய நிதி கணக்கில் இல்லை. 55 வயதில் ஒரே தொகையாக எடுத்துப் பாங்கில் போட்ட அன்றே அது சேமிப்பாகிவிடும். வேலை போய் நோயோடு இருக்கும் நேரத்தில் அவசரப்பட்டு ஓய்வூதியத்தை உடைக்காதீர்கள் என்று நான் யாரைக் கண்டாலும் சொல்வது இதனால்தான். சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தால் அதுவும் சேமிப்பு.

ஊரில் உள்ள காணி, வீடு? கணக்கில் வரும். வெளிநாட்டுச் சொத்து என்று விலக்கு இல்லை. ஆனால் எவ்வளவு என்று போடுகிறார்கள் என்பதில் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் இன்று விற்றால் கிடைக்கும் விலையைப் பார்ப்பார்கள். அதில் விற்கும் செலவுக்கு 10 வீதமும், அதன் மேல் எடுத்த கடனும் கழியும். அண்ணன் தம்பி நால்வர் பெயரில் பிரிக்காமல் கிடக்கும் காணி என்றால், உங்கள் பங்கை மட்டும் தனியாக விற்றால் யார் என்ன விலைக்கு வாங்குவார் என்பதே கேள்வி. உறுதியில் சிக்கல், இராணுவம் பிடித்து வைத்த நிலம், வழக்கில் கிடக்கும் வீடு என்றால் பெறுமதி மிகக் குறையலாம். உள்ளூர் மதிப்பீட்டாளரிடமோ சட்டத்தரணியிடமோ எழுத்தில் வாங்கி, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்புங்கள்.

அந்த வீட்டில் ஓய்வூதிய வயதைத் தாண்டிய உங்கள் அம்மா அப்பாவோ, வேலை செய்ய இயலாத உடன்பிறப்போ குடியிருந்தால், அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. இது தெரியாமல் வீட்டை மறைத்து, பிறகு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. மறைக்க எந்தத் தேவையும் இல்லாத இடத்தில் மறைத்ததுதான் கொடுமை. விற்க உண்மையாகவே முயன்றுகொண்டிருக்கும் சொத்துக்கும் ஆறு மாத விலக்கு உண்டு.

பணத்தை மகன் கணக்கில் மாற்றிவிடலாமா என்று கேட்பார்கள். உதவித்தொகை பெறும் நோக்கத்தோடு மாற்றினால், அந்தப் பணம் இன்னும் உங்களிடமே இருப்பதாகக் கணக்கெழுதுவார்கள். தங்கச்சியின் கல்யாணத்துக்கு அனுப்பிய பெருந்தொகையைப் பற்றியும் ஏன், எப்போது என்று கேட்கலாம். கடனை அடைப்பது அப்படியல்ல. அது விதியில் அனுமதிக்கப்பட்டது. ஆனால் நம்மவர் கடன் பெரும்பாலும் கைமாற்று, எழுத்தே இருக்காது. வாங்கிய நாளில் பாங்கில் வந்த தொகை, வாட்ஸ்அப்பில் “இந்த மாதம் தருகிறேன் அண்ணா” என்று எழுதியது, எதுவானாலும் எடுத்து வையுங்கள். வாழ்க்கைச் செலவுக்குச் சேமிப்பை எடுப்பதில் தவறே இல்லை. ரசீது மட்டும் வைத்திருங்கள். 16,000க்குக் கீழ் இறங்கிய நாளிலேயே விண்ணப்பிக்கலாம். பூச்சியம் ஆகும்வரை யாரும் காத்திருக்கச் சொல்லவில்லை.

வேறொருவர் பணம் உங்கள் கணக்கில் இருந்தால் அது உங்கள் சேமிப்பல்ல, ஆனால் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

இ.எஸ்.ஏ, யூனிவர்சல் கிரெடிட் இரண்டும் கிடைத்தால் முன்னதைப் பின்னதிலிருந்து அப்படியே கழிப்பார்கள். யூனிவர்சல் கிரெடிட்டில் நோய்க்கென்று சேர்க்கும் தொகையை 2026 ஏப்ரலில் இருந்து புதியவர்களுக்கு மாதம் 217.26 பவுண்டாகக் குறைத்துவிட்டார்கள். மிகக் கடுமையான நிரந்தர நோய் உள்ளவர்களுக்கும் வாழ்நாள் குறிக்கப்பட்டவர்களுக்கும் மட்டும் பழைய கூடுதல் அளவு.

பிப்: வேலை செய்தாலும் கிடைக்கக்கூடியது

இது வேலையின்மைக்கான பணம் அல்ல. நோயால் அன்றாடக் காரியங்கள் எவ்வளவு தடைப்படுகின்றன என்பதற்குரியது. சேமிப்பு, சம்பளம், நேஷனல் இன்சூரன்ஸ் எதையும் பார்ப்பதில்லை, வரியும் இல்லை. 16 வயதிலிருந்து ஓய்வூதிய வயதுக்குள் கேட்க வேண்டும். அதைத் தாண்டியவர்கள் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் கேட்கலாம். சிரமம் மூன்று மாதமாக இருந்திருக்க வேண்டும், இன்னும் ஒன்பது மாதம் நீடிக்கும் என்று எதிர்பார்க்கப்பட வேண்டும்.

அன்றாட வாழ்வுக்கு வாரம் 73.90 அல்லது 110.40, நடமாட்டத்துக்கு 29.20 அல்லது 77.05. ஒவ்வொன்றிலும் 8 புள்ளி எடுத்தால் முதல் தொகை, 12 எடுத்தால் இரண்டாவது. தொலைபேசியில் நீங்கள் கேட்ட நாளே விண்ணப்ப நாள். இதில் பின்தேதி கிடையாது. ஆகவே படிவம் நிரப்ப நேரமில்லை என்றாலும் இன்றே கூப்பிட்டுவிடுங்கள். படிவம் திருப்பி அனுப்ப ஒரு மாதம் தருவார்கள்.

படிவமும் பரிசோதனையும்

பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான், நோய் இல்லாததால் அல்ல. “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டால் “பரவாயில்லை” என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பரவாயில்லை அறிக்கையில் அப்படியே ஏறிவிடும்.

இ.எஸ்.ஏவுக்கும் யூனிவர்சல் கிரெடிட்டுக்கும் நடக்கும் வேலைத்தகுதிப் பரிசோதனை நோயின் பெயருக்குப் புள்ளி தருவதில்லை. செய்ய முடியாத செயலுக்குத்தான் புள்ளி. மொத்தம் 15 வேண்டும். பல செயல்களில் சேர்த்தும் எடுக்கலாம். ஒருவரால் நிற்காமல் 200 மீற்றருக்கு மேல் நடக்க முடியாது: 6 புள்ளி. அவரே ஒரு வேலை மேசையில் உட்கார்ந்தோ நின்றோ 30 நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது: 9 புள்ளி. சேர்த்தால் 15. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் “பெரிய நோய்” போலத் தெரியாது. 50 மீற்றருக்கு மேல் நடக்க முடியாதவருக்கு அதிலேயே 15. சப்போர்ட் குரூப்புக்கும் அதே அளவுதான். கீமோதெரபி, ரேடியோதெரபி எடுப்பவர்களைப் புள்ளி பார்க்காமலே சப்போர்ட் குரூப்பில் சேர்க்க விதி இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் வாழ்வது கடினம் என்று டொக்டர் கருதினால் எஸ்.ஆர்.1 படிவம் கேளுங்கள்; எல்லாமே விரைவாக நடக்கும்.

படிவத்தில் “முழங்கால் வலி, அதிக தூரம் நடக்க முடியாது” என்று எழுதினால் பயன் குறைவு. இப்படி எழுதுங்கள்: “வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டொப்புக்குச் சுமார் எண்பது மீற்றர். நடுவில் பக்கத்து வீட்டு மதிலைப் பிடித்து இரண்டு தடவை நிற்கவேண்டும். போய்ச் சேர்ந்தபிறகு பத்து நிமிடம் கழித்துத் திரும்பி அதே தூரம் நடக்க முடியாது. வாரத்தில் நான்கு நாள் இப்படி. மற்ற நாட்களில் கீழ்மாடிக்கே இறங்குவதில்லை.” தூரம், நேரம், எத்தனை நாள், பிறகு என்ன ஆகிறது. ஒரு காரியத்தை ஒருமுறை செய்ய முடிவது போதாது. பாதுகாப்பாக, திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்தில் செய்ய முடிகிறதா என்பதே பிப்பில் கேள்வி.

சமையல் கேள்வியில் நம் பெண்கள் அடிக்கடி வழுக்குவார்கள். “சமைப்பீர்களா?” என்றால் “ஓம், ஏதோ சமைப்பேன்.” சோறு கறி எல்லாம் மகள்தான் வைக்கிறாள்; இவர் செய்வது மைக்ரோவேவில் சூடாக்குவது. பிப்பில் கேட்பது புதிய பொருட்களைக் கொண்டு, இடுப்பு உயர அடுப்பில், ஒருவருக்கு ஒரு எளிய சாப்பாடு செய்வதை. வெங்காயம் வெட்டக் கை நடுங்குகிறதா? சட்டியைத் தூக்கி வடிக்க முடியாதா? அடுப்பை அணைக்க மறந்திருக்கிறீர்களா? அதைச் சொல்லுங்கள்.

கோயிலைப் பற்றியும் கேட்பார்கள், “வார நாட்களில் என்ன செய்வீர்கள்” என்ற பேச்சுவாக்கில். “வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவேன்” என்று பாதி சொல்லி நிறுத்தினால், வெளியில் தனியாகப் போகிறார், கூட்டத்தில் நிற்கிறார், நடக்கிறார் என்று மூன்றும் எழுதப்படும். மகன் காரில் வாசல்வரை கொண்டுபோய் விடுவதையும், கதிரையில் உட்கார்ந்தே கும்பிடுவதையும், அடுத்தநாள் முழுக்கப் படுத்திருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிள்ளைகளை மொழிபெயர்ப்புக்கு வைத்துக்கொள்வது வசதியாகத் தெரியும். ஆனால் சிறுநீர் கட்டுப்படாமல் போவதை மகன் முன்னால் எந்தத் தகப்பன் சொல்வார்? தற்கொலை எண்ணம் வருவதை மகள் வாயால் எப்படிச் சொல்லவைப்பது? இவை அதிகப் புள்ளி உள்ள விஷயங்கள். முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். பிள்ளை துணையாக வரட்டும். “ஆங்கிலம் தெரியாது” என்பதைக் காரணமாக எழுத வேண்டாம். மொழி தெரியாமைக்குப் புள்ளி இல்லை. நோயை மட்டும் எழுதுங்கள். உரையாடலை ஒலிப்பதிவு செய்யும்படி முன்பே கேட்கலாம். அறிக்கையின் பிரதியையும் பின்னர் கேட்டு வாங்கலாம்.

அனுப்பும் படிவம் ஒவ்வொன்றையும் தொலைபேசியில் படம் எடுத்து வைத்துவிட்டு அனுப்புங்கள்.

விசாவில் இருப்பவர்கள்

வேலை விசாவில், மாணவர் விசாவில் வந்து “பொது நிதி பெறக்கூடாது” என்ற நிபந்தனை உள்ளவர்கள் யூனிவர்சல் கிரெடிட்டும் பிப்பும் கேட்கக்கூடாது. கேட்டால் விசாவுக்கே ஆபத்து. ஆனால் சிக் பேயும் நியூ ஸ்டைல் இ.எஸ்.ஏவும் பொது நிதிப் பட்டியலில் இல்லை. நேஷனல் இன்சூரன்ஸ் கட்டியிருந்தால் கேட்கலாம். அதேசமயம் ஸ்பொன்சர் விசாவில் வேலை நின்றால் விசா என்ன ஆகும் என்பது தனிக் கேள்வி. அதற்கு முதலில் குடிவரவுச் சட்டத்தரணியிடம் போங்கள்.

இல்லை என்று கடிதம் வந்தால்

கடிதத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். பிப்பாக இருந்தாலும் இ.எஸ்.ஏவாக இருந்தாலும் எந்தக் கேள்விக்கு எத்தனை புள்ளி தந்தார்கள், நீங்கள் எத்தனை கேட்கிறீர்கள், ஏன் என்று ஒன்றொன்றாக எழுதுங்கள். “எனக்கு மிகவும் கஷ்டம்” என்ற பொதுவான கடிதத்துக்கு அதே பதில்தான் திரும்ப வரும். அதிலும் மறுத்தால் இன்னொரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு. அது அரசுத் திணைக்களத்திலிருந்து வேறானது. செலவில்லை, நேரில் அல்லது தொலைபேசியில் பேசலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். மறுபரிசீலனையோடு சோர்ந்துவிடுபவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால், வழக்கு நியாயமாக இருந்தால் தீர்ப்பாயம் வரை போகத்தான் வேண்டும். சிட்டிசன்ஸ் அட்வைஸ், கவுன்சிலின் வெல்ஃபேர் ரைட்ஸ் பிரிவு, லோ சென்டர் ஆகிய இடங்களில் இலவச உதவி கிடைக்கும். உதவித்தொகையில் பங்கு கேட்டுப் படிவம் நிரப்பித் தருபவர்களிடம் போகாதீர்கள்.

கிடைத்தபிறகு

சின்ன வேலை ஏதும் செய்ய விரும்பினால், இ.எஸ்.ஏவில் வாரம் 16 மணிநேரத்துக்குக் குறைவாக, 195.50 பவுண்ட் வரை உழைக்கலாம். ஆனால் தொடங்க முன் அறிவிக்க வேண்டும்.

ஊருக்குப் போவதானால் பயணச்சீட்டு எடுக்கும்போதே அறிவியுங்கள். இ.எஸ்.ஏ 4 வாரம் வரை தொடரும், யூனிவர்சல் கிரெடிட் ஒரு மாதம், பிப் 13 வாரம். சிகிச்சைக்காகவே போகிறீர்கள் என்றால் இவை ஏறக்குறைய ஆறு மாதம் வரை நீளலாம். அதற்கு டொக்டரின் கடிதம் கையில் இருக்கட்டும். நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்வந்ததைச் சிகிச்சை என்று பிறகு நிரூபிக்க முடியாது.

இங்கிலாந்தில் நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் வருமானம் எதுவானாலும் இலவச மருந்துச் சான்றிதழ் பெறலாம். சர்ஜரியில் எஃப்.பி.92.ஏ படிவம் கேளுங்கள். வீட்டில் நோயாளிக்கென்று தனி அறையோ சக்கர நாற்காலிக்கு இடமோ தேவைப்பட்டால் கவுன்சில் டாக்ஸில் ஒரு படி குறைப்பு கேட்கலாம். இரண்டுக்கும் சேமிப்புக் கேள்வி கிடையாது.

365 நாள் பிரிவில் இருப்பவர்கள் பலர் பணம் நின்றபிறகு அத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். பணம் இல்லாவிட்டாலும் நேஷனல் இன்சூரன்ஸ் கிரெடிட்டுக்காக இ.எஸ்.ஏவைத் தொடரலாம். முழு ஓய்வூதியத்துக்கு 35 வருடம் வேண்டும். நோயில் போன வருடங்கள் வெறுமையாகாமல் அது காக்கும். சேமிப்பு நிறைய இருப்பதால் யூனிவர்சல் கிரெடிட் கிடைக்காதவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த வருடங்களை அவர்கள் கணக்கில் வேறு யாரும் தானாக எழுதுவதில்லை. உடம்பு பிறகு மோசமானால், சப்போர்ட் குரூப்பில் சேர்க்கும்படி கேட்கவும் இந்தத் தொடர்ச்சி கைகொடுக்கும்.